நாற்பதுக்கு மேல் தொழில் மாறுவது: ராஜினாமாக் கடிதத்துக்கு முந்தைய பதினெட்டு மாதங்கள்

நடுவயதில் தொழில் மாறி அடிபட்டவர்களின் கதையைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே வரிசைதான் வரும். முதலில் ராஜினாமா. அடுத்து பி.எஃப். பணத்தை எடுத்து ஒரு கடையிலோ படிப்பிலோ போடுவது. "இந்த வேலை நமக்கு ஒத்துவருமா?" என்ற கேள்வி எல்லாவற்றுக்கும் கடைசியில் வருகிறது. அதற்குள் சம்பளமும் இல்லை, சேமிப்பும் இல்லை. இந்த வழிகாட்டியில் அதே வேலைகளைக் கடைசியிலிருந்து முதலாக அடுக்கியிருக்கிறோம். ஒத்துவருமா என்பதைச் சம்பளம் வந்துகொண்டிருக்கும்போதே பார்த்துவிட வேண்டும். கையூன்றித்தான் கரணம் போட வேண்டும்.

தமிழ்நாட்டில் தனியார் நிறுவனத்தில் மாதச் சம்பளம் வாங்கும், 40 முதல் 52 வயதுக்குள் இருக்கும் ஒருவரை மனத்தில் வைத்து எழுதியது இது. முழு ஏற்பாட்டுக்கும் பதினெட்டு மாதம் ஆகும். அவசரப்பட்டால் பன்னிரண்டில் முடிக்கலாம். அதற்குக் கீழே போனால் ஏதோ ஒரு முக்கியமான வேலை விட்டுப்போகும்.

சலித்தது எது?

முதலில் இந்தக் கேள்விக்குப் பதில் எழுதுங்கள்: இதே சம்பளத்தில், இதே வேலையை, வேறு மேலாளரிடம், வீட்டிலிருந்து இருபது நிமிடத் தூரத்தில் கொடுத்தால் இருப்பீர்களா? "இருப்பேன்" என்றால் உங்களுக்குத் தேவை வேறு கம்பெனி. வேறு தொழில் தேவையில்லை. தாம்பரத்திலிருந்து அம்பத்தூருக்குத் தினமும் மூன்று மணி நேரம் பயணம் செய்பவருக்குத் தொழிலே வெறுத்ததுபோலத் தோன்றும். பயணம் குறைந்தால் வெறுப்பும் குறைந்துவிடும்.

"அப்போதும் இருக்க மாட்டேன்" என்றால் பத்து நாள் தொடர்ந்து விடுப்பு எடுத்து, உடம்புப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். சர்க்கரை, தைராய்டு, தூக்கக் குறைவு, மனச்சோர்வு எல்லாமே "இந்த வேலை வேண்டாம்" என்ற குரலில்தான் பேசும். அவற்றுக்கு மருந்து வேறு. விடுப்பு முடிந்து திரும்பிய மூன்றாம் நாளும் அதே எண்ணம் இருந்தால் மேலே படியுங்கள்.

நான்கு வார நோட்டு

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தினமும் இரவு மூன்று வரி எழுத வேண்டும். இன்று எந்த வேலையில் நேரம் போனது தெரியவில்லை? எந்த வேலையைத் தள்ளிப் போட்டேன்? யாராவது என்னிடம் வந்து எதற்காக உதவி கேட்டார்கள்? மூன்றாவது வரிதான் அதிகம் பேசும். நமக்குச் சுலபமாக வருவதை நாம் திறமையென்று மதிப்பதில்லை. அடுத்தவர்களுக்குத்தான் அது தெரிகிறது. அடுக்குமாடிச் சங்கத்தின் வரவுசெலவை எப்போதும் உங்களிடமே கொண்டுவருகிறார்கள், சொந்தக்காரர்கள் பட்டா மாற்ற உங்களைத்தான் அழைத்துப் போகிறார்கள், பக்கத்து வீட்டுப் பையன் கணக்குக்கு உங்களைத்தான் தேடி வருகிறான் என்றால், அவற்றைத் தேதியோடு எழுதிக்கொள்ளுங்கள்.

நான்கு வாரம் முடிந்ததும் நோட்டைப் படித்து மூன்று தொழில்களைக் குறியுங்கள். ஒன்றே ஒன்றைக் குறித்தால் அதன்மேல் மோகம் வந்துவிடும், குறைகள் கண்ணில் படாது.

ஒரு எச்சரிக்கை. ரசிப்பது வேறு, அதையே தொழிலாகச் செய்வது வேறு. சமையல் பிடிக்கும் என்பவருக்கு நாலு பேருக்குச் சமைத்துப் பரிமாறிப் பாராட்டு வாங்குவது பிடிக்கும். சமையல் தொழிலில் பாதி நேரம் பாத்திரம், கேஸ் சிலிண்டர், வராத ஆள், வசூலாகாத பாக்கி. தொழிலின் பெயரை விட்டுவிட்டு அதன் சாதாரண செவ்வாய்க்கிழமை எப்படி இருக்கும் என்று பாருங்கள்.

ஐந்து பேர்

குறித்த ஒவ்வொரு தொழிலுக்கும் ஐந்து பேரைப் பார்க்க வேண்டும். மூன்று பேர் அதில் ஐந்தாண்டுக்கு மேல் இருப்பவர்கள், இரண்டு பேர் அதை விட்டு வந்தவர்கள். விட்டு வந்தவர்களைப் பலரும் தேடிப் போவதில்லை. உண்மையான தகவல் அவர்களிடம்தான் இருக்கிறது.

"எவ்வளவு லாபம் வருகிறது?" என்று கேட்காதீர்கள். அதற்கு யாரும் நேராகப் பதில் சொல்ல மாட்டார்கள். இப்படிக் கேளுங்கள்: இப்போது உங்களுக்கு யார் யார் பாக்கி, எத்தனை நாளாக? வருடத்தில் எந்த மாதம் காய்ந்து போகும்? காலையில் எத்தனை மணிக்கு எழுகிறீர்கள்? கடைசியாக எப்போது இரண்டு நாள் சேர்ந்தாற்போல் விடுப்பு எடுத்தீர்கள்? உடம்பில் எங்கே வலிக்கிறது? கடைசிக் கேள்வியைக் கேட்கத் தயங்க வேண்டாம். இருபத்தைந்து வயதில் எட்டு மணி நேரம் நிற்பதும் நாற்பத்தெட்டில் நிற்பதும் ஒன்றல்ல.

இந்தப் பதினைந்து சந்திப்புகளுக்கு இரண்டு மாதம் ஆகும். மூன்று தொழில்களில் ஒன்றாவது இங்கேயே விழுந்துவிடும்.

பன்னிரண்டு ஞாயிறுகள்

மிச்சமிருப்பதைச் செய்து பார்க்க வேண்டும். பன்னிரண்டு ஞாயிறும், இடையில் ஆறு வேலைநாளும் ஒதுக்குங்கள். வேலைநாளுக்கு ஈட்டிய விடுப்பைப் பயன்படுத்தலாம். ஞாயிற்றுக்கிழமை எந்தத் தொழிலும் கொஞ்சம் அழகாகத்தான் தெரியும். தொடங்குமுன் உங்கள் பணி நியமனக் கடிதத்தை எடுத்து, வெளி வேலை செய்யக் கூடாது என்ற விதி இருக்கிறதா என்று படியுங்கள். இருந்தால் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், அல்லது சம்பளம் வாங்காமல் ஒருவரிடம் கற்றுக்கொள்பவராகப் போங்கள்.

சோதனைக்கு ஒரே விதி: முன்பின் தெரியாத ஒருவர் காசு கொடுத்து வாங்க வேண்டும், அவரே திரும்பவும் வர வேண்டும். அத்தையும் மாமாவும் சொல்லும் பாராட்டு கணக்கில் சேராது.

இட்லி மாவுத் தொழிலை எடுத்துக்கொள்வோம். எளிது என்று நினைத்துப் பலர் இறங்குவதும், சீக்கிரம் கையைச் சுட்டுக்கொள்வதும் இதில்தான். 4 கிலோ இட்லி அரிசி, 1 கிலோ உளுந்து, கொஞ்சம் வெந்தயம், உப்பு. இதில் ஏறக்குறைய 12 கிலோ மாவு வரும். கணக்குக்காக அரிசி கிலோ 45, உளுந்து 130 என்று வையுங்கள். அரிசிக்கு 180, உளுந்துக்கு 130, வெந்தயமும் உப்பும் 15, கவரும் கரண்டும் 40, பெட்ரோல் 30. மொத்தம் 395 ரூபாய். கடைக்குக் கிலோ 38 என்று 12 பாக்கெட் போட்டால் வரவு 456, மிச்சம் 61 ரூபாய். இரண்டு பாக்கெட் ரிட்டர்ன் வந்தால் வரவு 380. பதினைந்து ரூபாய் கைநட்டம். உங்கள் உழைப்புக்கு இன்னும் கூலியே போடவில்லை.

ரிட்டர்ன் ஏன் வருகிறது? சித்திரை, வைகாசி வெயிலில் மாவு மளமளவென்று பொங்கிப் பாக்கெட் உப்பிவிடும். கரண்டுச் செலவுக்குப் பயந்து இரவில் ஃபிரிட்ஜை அணைக்கும் கடைகளும் உண்டு. மார்கழியில் நேர்மாறு: மாவு புளிக்காது, "இட்லி கல்லு மாதிரி இருக்கு" என்று திரும்பும். கிரைண்டர் பெல்ட் அறுந்தால் அன்றைய வரவு பூஜ்யம், ஊறவைத்த அரிசியும் வீண்.

அதே 12 கிலோவை வீடுகளுக்கு நேராகக் கிலோ 50 என்று கொடுத்தால் வரவு 600, மிச்சம் 205. நாளுக்கு மூன்று ஈடு அரைத்து மாதம் 26 நாள் கொடுத்தால் கிட்டத்தட்ட 16,000 ரூபாய் நிற்கும். ஆகவே இந்தத் தொழிலில் பார்க்க வேண்டியது உங்கள் கைப்பக்குவத்தை அல்ல. உங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருவிலும் தினமும் வாங்கும் முப்பது வீடு கிடைக்குமா என்பதைத்தான். பன்னிரண்டு ஞாயிற்றில் எட்டு வீடுகூடச் சேரவில்லை என்றால் விட்டுவிடலாம், பெரிய நட்டம் இருக்காது. வீட்டில் செய்து விற்றாலும் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு வேண்டும். சிறு தயாரிப்பாளருக்கு ஆண்டுக் கட்டணம் 100 ரூபாய்தான்.

வேறு தொழில்களுக்கும் இப்படி ஒற்றை அலகுக் கணக்குப் போடலாம். டியூஷன் என்றால் ஒரு வகுப்புக்கு எத்தனை பிள்ளைகள், அதில் எத்தனை பேர் மூன்றாம் மாதமும் பணம் கட்டினார்கள் என்று பாருங்கள். தையல் என்றால் ஒரு பிளவுஸுக்கு எத்தனை மணி நேரம், எத்தனை தடவை பிரித்துத் தைத்தீர்கள். விவசாயத்தை மட்டும் ஞாயிறுகளில் அளக்க முடியாது. நிலம் வாங்குவதற்கு முன் ஒரு போகத்துக்காவது குத்தகைக்கு எடுத்துச் செய்து பாருங்கள். உங்கள் மாவட்டத்து வேளாண் அறிவியல் நிலையத்தில் நடக்கும் பயிற்சிக்குப் போனால் அங்கு வரும் விவசாயிகளின் பழக்கமும் கிடைக்கும்.

படிப்பு தேவைப்படும் தொழில்கள்

இரண்டு பாதைகளைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள்: வக்கீல், வாத்தியார்.

தமிழ்நாட்டில் மூன்றாண்டுச் சட்டப்படிப்புக்கு உச்ச வயது வரம்பு இல்லை. குறைந்தபட்ச மதிப்பெண்ணோடு ஏதாவது ஒரு பட்டம் இருந்தால் விண்ணப்பிக்கலாம். ஆனால் இது நேரில் படிக்க வேண்டிய படிப்பு, 70 சதவீத வருகை கட்டாயம். "வாரக் கடைசியில் வந்தால் போதும், வராவிட்டாலும் பரவாயில்லை" என்று சொல்லும் இடங்களில் பணம் கட்டாதீர்கள். அஞ்சல்வழிச் சட்டப் பட்டத்தை வைத்து வக்கீலாகப் பதிவு செய்ய முடியாது. பதிவு செய்தபின் இரண்டு ஆண்டுக்குள் அகில இந்திய பார் தேர்வில் தேற வேண்டும். முழுநேரச் சம்பள வேலையில் இருந்துகொண்டு வக்கீல் தொழில் செய்ய விதி இடம் தராது. பதிவுக் கட்டணத்தில் மட்டும் ஓர் ஆறுதல்: வழக்கறிஞர் சட்டத்தில் சொன்ன 750 ரூபாய்க்கு மேல் (பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125) பார் கவுன்சில்கள் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆக, சட்டம் என்றால் மூன்று ஆண்டு வருமானம் இல்லை, அதன்பின் சில ஆண்டு ஜூனியராகச் சொற்ப வருமானம். இதைத் தாங்க முடியும் என்றால், வயது உங்களுக்குச் சாதகமாகவும் திரும்பும். இருபது ஆண்டு வங்கியில் இருந்தவருக்குக் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் ஆவணம் புரியும். கட்டடப் பொறியாளருக்கு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில், மனிதவளத் துறையில் இருந்தவருக்குத் தொழிலாளர் நீதிமன்றத்தில் அதே அனுகூலம் உண்டு. பழைய தொழிலை உதறாமல் புதியதற்குள் கொண்டுவரும் பாதைதான் நடுவயதுக்காரர்களுக்கு அதிகம் பலன் தருகிறது.

ஆசிரியராக, வழக்கமான பி.எட். இரண்டு ஆண்டு. தொலைநிலைக் கல்வியில் பி.எட். என்பது ஏற்கெனவே ஆசிரியர் பயிற்சி பெற்றவர்களுக்கானது. அந்தப் பயிற்சி இல்லாமல் அலுவலக வேலையில் இருப்பவர் அதில் சேர முடியாது. எட்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் கற்பிக்க ஆசிரியர் தகுதித் தேர்வும் வேண்டும். நேரடி நியமனத்துக்கான வயது வரம்பு பொதுப் பிரிவுக்கு 53, மற்றவர்களுக்கு 58 என உயர்த்தப்பட்டிருக்கிறது. எனினும் போட்டி மிகக் கடுமை. தனியார் பள்ளிச் சம்பளத்தை வைத்தே குடும்பக் கணக்கைப் போடுங்கள்.

வீட்டுக் கணக்கு

பன்னிரண்டு மாத வங்கிக் கணக்கு அறிக்கையை எடுத்து உட்காருங்கள். கணவனும் மனைவியும் சேர்ந்தே உட்கார வேண்டும். மாதச் செலவை எல்லோரும் சரியாகச் சொல்வார்கள். வருடத்துக்கு ஒரு முறை, இரு முறை வருவதில்தான் கணக்குத் தவறும்: பள்ளிக் கட்டணம், தீபாவளி, இன்சூரன்ஸ், சொத்து வரி, ஆடி முடிந்ததும் வரிசையாக வரும் கல்யாணங்களுக்கு மொய். மாதச் செலவு 38,000, வருடச் செலவுகள் 1,44,000 என்றால் உண்மையான மாதச் செலவு 50,000.

இனி இடைவெளிக் கணக்கு. புதிய தொழிலில் முதல் ஆறு மாதம் வருமானம் இல்லை, அடுத்த ஆறு மாதம் தேவையில் பாதி, அதற்கடுத்த ஆறு மாதம் முக்கால் பங்கு என்று வையுங்கள். துண்டு விழுவது 3,00,000 + 1,50,000 + 75,000 = 5,25,000 ரூபாய். தொழிலில் போடும் முதல் இதில் சேராது, அது தனி. இந்தத் தொகை வங்கி வைப்பில் இருக்க வேண்டும். சீட்டுப் பணத்தை நம்பக் கூடாது. மகனோ மகளோ கல்லூரியில் சேரும் ஆண்டும் உங்கள் முதல் ஆண்டும் ஒன்றாக வந்தால் ஒன்றைத் தள்ளிவையுங்கள். தள்ளிவைக்கக்கூடியது உங்களுடையதுதான்.

சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போதே

கம்பெனி தரும் குழு மருத்துவக் காப்பீடு கடைசி வேலைநாளோடு நின்றுவிடும். ஆகவே பதினெட்டு மாதத் திட்டத்தின் முதல் வாரத்திலேயே குடும்பத்துக்குத் தனியாக ஒரு பாலிசி எடுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் போல ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் மூன்று ஆண்டு வரை இருக்கலாம். அந்தக் கடிகாரம் இன்றே ஓடத் தொடங்கினால் வேலையை விடும்போது பாதி தூரம் கடந்திருக்கும். நோயை மறைக்காமல் எழுதுங்கள். கிளெய்ம் நிராகரிக்கப்பட அதுதான் பெரும் காரணம். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் வந்தால் முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டத்திலும் சேரலாம்.

டெர்ம் இன்சூரன்ஸுக்கு (குறிப்பிட்ட காலத்துக்கான ஆயுள் காப்பீடு) வருமானச் சான்று கேட்பார்கள். அதையும் இப்போதே எடுத்துவிடுங்கள். வீட்டுக் கடன் வட்டியைக் குறைத்துக்கொள்ள வேறு வங்கிக்கு மாற்றுவதாக இருந்தால் அதற்கும் இதுவே நேரம். வேலையை விட்டபின் எந்த வங்கியும் முதல் ஆண்டில் உங்களை ஏறிட்டுப் பார்க்காது.

பி.எஃப்., பென்ஷன், கிராஜுவிட்டி

முதலில் பெயர். ஆதாரில் "முருகன் எஸ்", பி.எஃப். கணக்கில் "எஸ் முருகன்", பான் கார்டில் அப்பா பெயரை விரித்து "சண்முகம் முருகன்". தமிழ்நாட்டு இனிஷியல் பழக்கத்தால் இந்தக் குழப்பம் மிகச் சாதாரணம், பணம் மாதக்கணக்கில் நிற்பதும் இதனால்தான். திருத்தத்துக்கு நிறுவனத்தின் ஒப்புதல் தேவைப்படலாம். வேலையில் இருக்கும்போது அது அரை நாள் வேலை, விட்டபின் அலைச்சல். பழைய கம்பெனிகளில் நீங்கள் விலகிய தேதி பதிவாகியிருக்கிறதா, எல்லாக் கணக்கும் ஒரே யூ.ஏ.என்.னுக்குள் (பி.எஃப். உறுப்பினருக்குத் தரும் நிரந்தர எண்) வந்துவிட்டதா என்றும் பாருங்கள்.

ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில் பென்ஷன் பெறப் பத்தாண்டுப் பணி வேண்டும். ஒன்பதாம் ஆண்டில் இருப்பவர் கொஞ்சம் பொறுத்தால் ஆயுள் முழுவதற்கும் லாபம். கணக்கு எளிது: பென்ஷனுக்குரிய சம்பளம் (உச்சம் 15,000) பெருக்கல் பணியாண்டு வகுத்தல் 70. பதினெட்டு ஆண்டு என்றால் மாதம் 3,857 ரூபாய், 58 வயதிலிருந்து. ஐம்பதிலிருந்தே வாங்கலாம், ஆனால் முன்கூட்டி வாங்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 சதவீதம் குறையும். பத்தாண்டு நிறையாதவர்கள் பென்ஷன் தொகையைப் பணமாக எடுக்காமல் 10சி படிவத்தில் திட்டச் சான்றிதழ் கேட்டு வாங்கினால், பின்னாளில் வேறு வேலைக்குப் போகும்போது பழைய ஆண்டுகள் கூடிக்கொள்ளும்.

கிராஜுவிட்டிக்கு (விலகும்போது நிறுவனம் தரும் பணிக்கொடை) தொடர்ந்து ஐந்தாண்டு வேண்டும். கிராஜுவிட்டிக்குரிய கடைசி மாதச் சம்பளத்தை (பெரும்பாலும் அடிப்படையும் பஞ்சப்படியும்) 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, பணியாண்டால் பெருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மிச்சம் ஓர் ஆண்டாகக் கணக்காகும். அடிப்படை 30,000, பணி 14 ஆண்டு 7 மாதம் என்றால் 15 ஆண்டாகக் கொண்டு 2,59,615 ரூபாய். 14 ஆண்டு 5 மாதத்தில் கடிதம் கொடுத்தால் 17,308 ரூபாய் குறையும். கடிதத்தின் தேதியைக் குறிக்குமுன் இந்தக் கணக்கையும், போனஸ் எந்த மாதம் வருகிறது என்பதையும் பாருங்கள்.

பி.எஃப். பணத்தைத் தொழில் முதலாகப் போடாதீர்கள். எடுக்காமல் விட்டாலும் 58 வயது வரை வட்டி சேரும். தொழில் நொடித்தால் மறுபடி வேலைக்குப் போகலாம், ஆனால் இருபது ஆண்டு கூட்டு வட்டியை ஐம்பது வயதில் திரும்பச் சேர்க்க முடியாது.

முதலும் கடனும்

பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்துக்கு (பி.எம்.இ.ஜி.பி.) உச்ச வயது இல்லை. உற்பத்திக்கு 50 லட்சம், சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரையிலான திட்டங்களுக்குப் பொருந்தும். பொதுப் பிரிவினர் 10 சதவீதம் கைப்பணம் போட வேண்டும். மானியம் நகரத்தில் 15, கிராமத்தில் 25 சதவீதம். பெண்கள், பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் சாதியினர், முன்னாள் ராணுவத்தினர் உள்ளிட்டோருக்குக் கைப்பணம் 5 சதவீதம், மானியம் நகரத்தில் 25, கிராமத்தில் 35. பலர் தவறவிடுவது இதைத்தான்: தொழிலைத் தொடங்கிவிட்டு விண்ணப்பித்தால் கிடைக்காது, திட்டம் புதிய தொழில்களுக்கு மட்டுமே. மானியமும் கைக்கு வராது. மூன்று ஆண்டு உங்கள் பெயரில் வங்கியில் வைப்பாக இருந்து, பிறகு கடனில் கழியும். நடப்பு ஆண்டுக்குத் திட்டம் திறந்திருக்கிறதா என்று மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் கேளுங்கள். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவுக்கு அரசு தளத்தில் கட்டணமே இல்லை, பணம் கேட்பவர் இடைத்தரகர்.

"நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம், மாதம் இத்தனை ஆயிரம் உறுதி" என்ற பேச்சு வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். 2012-ல் பெருந்துறைப் பக்கம் வெடித்த ஈமு கோழி மோசடியில் கொங்கு மண்டலத்துக் குடும்பங்கள் ஏராளமாகச் சேமிப்பை இழந்தன. பண்டம் மாறினாலும் பேச்சு மாறுவதில்லை. விற்பவரே ஒரே வாங்குபவராகவும் இருந்தால் அங்கே சந்தை இல்லை.

கடிதம்

இதுவரை சொன்னவை முடிந்திருந்தால் கடிதம் மூன்று வரி போதும். காரணம் விளக்க வேண்டாம், குறை எழுத வேண்டாம். நோட்டீஸ் காலத்தை முழுதாக முடித்துக் கொடுங்கள். உங்கள் முதல் வாடிக்கையாளர் பழைய அலுவலகத்திலிருந்து வரக்கூடும். கடைசி வாரத்தில் கைக்கு வர வேண்டியவை: ரிலீவிங் ஆர்டர், அனுபவச் சான்று, கடைசி மூன்று ஆண்டுச் சம்பளச் சீட்டுகள், சம்பளத்தில் வரி பிடித்ததற்கான சான்று, ஈட்டிய விடுப்புப் பணத்தோடு முழுக் கணக்கு. பி.எஃப்., வங்கி, வருமான வரித் தளங்களில் அலுவலக மின்னஞ்சலோ அலுவலக எண்ணோ இருந்தால் கடைசி நாளுக்கு முன்பே மாற்றுங்கள். அந்த எண் முடங்கியபின் ஓ.டி.பி. வராது.

கடைசியாக ஒரு தாள். அதில் இரண்டு தேதியும் இரண்டு தொகையும் எழுதி வீட்டார் கையெழுத்தோடு பாஸ்புக்கில் செருகிவையுங்கள். பன்னிரண்டாம் மாத முடிவில் மாத வருமானம் இத்தனைக்குக் கீழே இருந்தால் பகுதிநேர வேலை தேடுவது. பதினெட்டாம் மாத முடிவில் இடைவெளிப் பணம் இத்தனைக்குக் கீழே இறங்கினால் முழுநேர வேலைக்குத் திரும்புவது. இந்த எண்களைத் தொழில் தொடங்குமுன்பே எழுதிவிட வேண்டும். தொடங்கியபின் எழுதினால் எல்லோரும் இன்னும் ஆறு மாதம் என்றுதான் எழுதுவார்கள்.